மினிட்ஸ் நோட்டில் ஒரு வரலாறு: தருமபுரி மகளிர் குழுக்களும் கூடி யோசிக்கும் முறையும், 1989 முதல்

1989 செப்டம்பரில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்களை அமைக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சுய உதவிக்குழு இயக்கம் அரசுத் திட்டமாக வேர் பிடித்த முதல் மாவட்டம் இதுதான். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அப்போது இதன் பகுதியே. அது தனி மாவட்டமானது 2004இல். இந்த இயக்கத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி சேமிப்பையும் கடனையும் திருப்பிச் செலுத்தும் விகிதத்தையும் பற்றியது. அதை வேறொரு கோணத்தில் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. அன்றாடச் சிக்கல்களுக்கு வழி கண்டுபிடிப்பதற்கான ஒரு முறையாக, அதாவது யோசனைகளைப் பிறப்பிக்கும் உத்தியாக, குழுக் கூட்டம் எப்படி உருவானது, எதனால் பலித்தது, எங்கே தடுக்கி நின்றது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். சிறிய எண்ணிக்கை, முறை வைத்துப் பேசுவது, பேசியதை எழுதி வைப்பது, யோசனையைச் சோதித்துப் பார்க்கக் கையில் சொந்தப் பணம் இருப்பது ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தபோதுதான் இந்த முறை பலித்தது என்றும், நான்காவது இல்லாவிட்டால் முதல் மூன்றும் வெறும் சடங்காகிவிடும் என்றும் வாதிடுகிறேன்.

கூடிப் பேசுவது தருமபுரிக்குப் புதிதல்ல. ஊர்க்கூட்டம் இருந்தது, கோயில் வரி, ஏரி மராமத்து, வழக்கு, வம்பு எல்லாம் அங்கே பேசப்பட்டன. ஆனால் அது தீர்ப்புச் சொல்லும் சபை. பெரியவர்கள் பேசினார்கள், மற்றவர்கள் கேட்டார்கள். பெண்களுக்கும் தலித் மக்களுக்கும் அதில் குரல் இருக்கவில்லை. பெண்கள் பணத்துக்காகக் கூடிய இடம் சீட்டு. அங்கே பணம் சுழன்றது. ஆனால் எடுத்த பணத்தை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும் உரிமை மற்றவர்களுக்கு இல்லை, கேட்கும் வழக்கமும் இல்லை. ஆக, ஊர்க்கூட்டத்தில் பேச்சு இருந்தது, அடித்தட்டுப் பெண்களின் கையில் பணம் இல்லை. சீட்டில் பணம் இருந்தது, பேச்சு இல்லை. இவ்விரண்டையும் ஒரே பாயில் உட்கார வைத்ததுதான் 1980களின் புதுமை.

அந்தப் புதுமை எந்த அலுவலகத்திலும் திட்டமிட்டுப் பிறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1968இல் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்துவதற்காகக் கர்நாடகத்தில் தொடங்கப்பட்ட மைராடா நிறுவனம், 1980களின் நடுவில் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை நடத்தி வந்தது. தலைவர்களின் ஆதிக்கத்தாலும் உறுப்பினர்களிடையே நம்பிக்கையின்மையாலும் சங்கங்கள் உடைந்தன. உடைந்த பிறகு, ஒருவரையொருவர் நம்பிய சிறு சிறு கூட்டமாக உறுப்பினர்கள் வந்து, வாங்கிய கடனைக் கட்டத் தயார், ஆனால் பெரிய சங்கத்துக்குத் திரும்ப மாட்டோம் என்றார்கள். கடன் மேலாண்மைக் குழு என்ற வடிவம் இப்படித்தான் பிறந்தது. 1987இல் நபார்டு வங்கி இந்தச் சோதனைக்கு 10 லட்சம் ரூபாய் அளித்தது. 1992இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. இவற்றுக்கு இடையில், 1989இல், தருமபுரித் திட்டம் வருகிறது. மைராடாவும் இந்த மாவட்டத்தில் களப்பணி செய்தது. சிறிய எண்ணிக்கை என்ற முதல் விதியை வகுத்தவர்கள் வல்லுநர்கள் அல்லர். தங்கள் சிக்கலுக்குத் தாங்களே வழி கண்ட உறுப்பினர்கள்தாம். இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி இது.

தருமபுரியில் குழு என்பது 12 முதல் 20 பெண்கள். வாரம் ஒருமுறை, குறித்த நாளில், குறித்த நேரத்தில், பெரும்பாலும் ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ கோயில் முன்னாலோ கூடுவார்கள். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். வருகை எடுப்பார்கள், சேமிப்பை வசூலிப்பார்கள், பிறகு கடன் கேட்பவர் தன் தேவையைச் சொல்வார். மகள் பள்ளிக்கூடச் செலவு, கந்துவட்டியை அடைப்பது, ஆடு வாங்குவது, கூரை மாற்றுவது என எதுவாகவும் இருக்கலாம். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். ஆட்டுக்குத் தீவனம் எங்கிருந்து வரும், கோடையில் என்ன செய்வாய், இந்தத் தொகையைப் பாதியாக்கி முதலில் ஒன்று வாங்கிப் பார்க்கக் கூடாதா என்று பேச்சு நீளும். முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஏறும். குழுக்களில் அதற்கு மினிட்ஸ் நோட்டு என்றே பெயர். எழுத்தறிவு இல்லாதவர்கள் கைநாட்டு வைப்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரிதான், 68.54 விழுக்காடு. அப்படிப்பட்ட மாவட்டத்தில் வாரந்தோறும் பேச்சை எழுத்தாக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது சின்ன விஷயமல்ல. எழுதியதால் போன வாரம் யார் என்ன சொன்னார், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பது இந்த வாரப் பேச்சுக்கு மூலதனமாயிற்று. எழுத்து எட்டாத இடத்தில் வேறு வழிகளும் இருந்தன. 1990களில் தென்னிந்தியக் கிராமங்களில் பரவிய பங்கேற்பு ஊரக மதிப்பீட்டு முறையில், மண் தரையில் கோலப்பொடியாலும் கற்களாலும் விதைகளாலும் ஊர் வரைபடம் போட்டு, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் இல்லை, எந்த மாதத்தில் வேலை இல்லை என்று மக்களே குறித்தார்கள். படிக்காதவரும் ஒரு கல்லை நகர்த்தித் தன் கருத்தைச் சொல்லிவிடலாம்.

உலகின் வேறு மூலைகளில் இக்காலத்துக்கு முன்பே யோசனை உத்திகள் ஒரு தனித்துறையாக வளர்ந்திருந்தன. அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன், 1939 முதல் தன் நிறுவனத்தில் நடத்திப் பார்த்த முறையை 1953இல் நூலாக விரித்தார்: பலர் கூடுங்கள், மனதில் பட்டதையெல்லாம் சொல்லுங்கள், யாரும் யாரையும் குறை சொல்லாதீர்கள், எண்ணிக்கை பெருகட்டும், சலிப்பது பிறகு. இந்த முறைக்கு அடி விழ அதிக காலம் ஆகவில்லை. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெரி, பிளாக் ஆகியோர் செய்த சோதனையில், கூடிப் பேசிய நால்வரை விடத் தனித்தனியே யோசித்த நால்வரின் மொத்த யோசனைகள் அதிகமாகவும் மேலாகவும் இருந்தன. 1987இல் டீல், ஸ்ட்ரோபெ இருவரும் காரணத்தைத் துலக்கினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது யோசனை தடைப்படுகிறது. அப்படியானால் குழுக் கூட்டத்தை யோசனை முறை என்று எப்படிக் கொண்டாடுவது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தருமபுரிக் கூட்டம் ஆஸ்பார்னின் அறை அல்ல. அது வாரம் ஒருமுறை ஒன்றிரண்டு மணி நேரம் நடப்பது. மற்ற ஆறு நாளும் அதே பெண்கள் களை எடுக்கும்போதும் தண்ணீருக்கு நிற்கும்போதும் தனியாக யோசிக்கிறார்கள். ஆராய்ச்சிக்கூடம் கண்டறிந்த குறையை இந்த இடைவெளி தானாகவே ஈடுகட்டுகிறது என்பது என் கணிப்பு. 1971இல் டெல்பெக், வான் டி வென் இருவரும் முன்வைத்த மாற்று முறையும் ஏறத்தாழ இதே வடிவம்தான்: முதலில் தனியாக எழுது, பிறகு முறை வைத்துச் சொல், பிறகு விவாதி, பிறகு வாக்களி.

இன்னொரு வேறுபாடு இதைவிட ஆழமானது. குறை சொல்லாதே என்பது ஆஸ்பார்னின் முதல் விதி. குழுவிலோ யோசனை பிறக்கும் நொடியிலேயே குறையும் பிறக்கிறது, ஏனென்றால் கேட்கப்படும் பணம் எல்லோருடைய பணம். இது புதிய எண்ணங்களை முளையிலேயே கிள்ளிவிடாதா? சில சமயம் கிள்ளும். ஆனால் அன்றாடச் சிக்கலுக்கு நூறு யோசனை தேவையில்லை. தாங்கக்கூடிய செலவில் இந்த மாதமே செய்து பார்க்கக்கூடிய ஒன்று தேவை. குழுவின் கேள்விகள் பெரும்பாலும் யோசனையைச் சிறிதாக்கி, சோதிக்கத் தக்கதாக்கி, தோற்றாலும் குடும்பம் மூழ்காத அளவுக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்தன. கையில் பணமும் அதை இழக்கும் அச்சமும் இருக்கும்போது கேள்வி கூர்மையாகிறது. மேலாண்மை நூல்கள் இதைப் பேசுவதில்லை. அந்நூல்கள் காட்டும் அறைகளில் யோசிப்பவர் வேறு, பணம் போடுபவர் வேறு என்பதால் இருக்கலாம்.

குழுக்களின் யோசனைகள் எல்லாம் ஒரே அச்சில் இருந்தன, கறவை மாடு, ஆடு, பெட்டிக்கடை என்பதைத் தாண்டவில்லை என்ற விமர்சனம் உண்டு. உண்மைதான். ஆனால் இதைக் கற்பனை வறட்சி என்று ஒதுக்குவது அவசரம். மழை பொய்க்கும் மாவட்டத்தில், கையிருப்பு இல்லாத குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டில் பலித்ததைப் பார்த்துச் செய்வதே மிக மலிவான சோதனை. இது பெண்களுக்கு மட்டும் உரியதல்ல. 2004-05இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியபோது, சொட்டுநீர்க் குழாய்வழியே உரமும் தரும் முறையை நம்பி இறங்க உழவர்கள் தயங்கினார்கள். முதல் ஆண்டு 100 ஹெக்டேருக்கு முழு மானியம், இரண்டாம் ஆண்டு 200 ஹெக்டேருக்கு 90 விழுக்காடு, மூன்றாம் ஆண்டு 100 ஹெக்டேருக்கு 80 விழுக்காடு என்று மானியம் குறைந்துகொண்டே வந்தது. ஆனாலும் ஆர்வம் கூடியது, ஏனென்றால் அதற்குள் அடுத்த வயலில் தக்காளி காய்த்துக் கிடந்தது. தருமபுரியில் நடந்த ஓர் ஆய்வு, இம்முறையால் தக்காளி விளைச்சல் 80 விழுக்காடும் கத்தரி விளைச்சல் 34 விழுக்காடும் கூடியதாகக் கண்டது. தொழில்நுட்பம் வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் இடுபொருளை மொத்தமாகப் பேரம் பேசி வாங்குவது, சந்தைக்கு ஒன்றாகப் போவது போன்றவை உழவர் சங்கக் கூட்டங்களில் உருவெடுத்தன. அங்கேயும் சிறு குழு, தொடர்ச்சியான கூட்டம், சொந்த முதல் என்ற அதே ஏற்பாடுதான்.

குழுவுக்கு எட்டாத சிக்கல்களும் இருந்தன. அவற்றை மறைத்து எழுதினால் வரலாறு விளம்பரமாகிவிடும். முதலாவது, வாய்விட்டுப் பேச முடியாத சிக்கல். தருமபுரியை நாடறியச் செய்த துயரம் பெண் சிசுக்கொலை. அதே தெருவில், அதே உறவுக்குள் நடப்பதைக் குழுவில் எழுந்து பேசுவது எளிதல்ல. பேசப்படாத சிக்கலுக்கு எந்த உத்தியும் யோசனை தராது. 1990களின் பிற்பகுதியில், டேனிஷ் உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், கலைப்பயணம் என்ற தெரு நாடக இயக்கம் மாவட்டமெங்கும் போய், அதுவரை கிசுகிசுப்பாக இருந்ததை ஊர் நடுவே பேசுபொருளாக்கியது. இரண்டாவது, சாதி. ஒருவரையொருவர் நம்புவோர் கூடுவதே குழு என்பதால், அது பெரும்பாலும் ஒரே தெருவுக்குள், ஒரே சாதிக்குள் நின்றுவிட்டது. ஒரு குழு கண்ட வழி அடுத்த தெருவுக்குப் போக, பின்னால் வந்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு ஓரளவே உதவியது. மூன்றாவது, அளவு. இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லும் எலும்பும் அதற்குப் பலி. இருபது பேர் எத்தனை வாரம் பேசினாலும் காவிரி நீர் ஊருக்கு வந்துவிடாது. ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்த பிறகே அதற்குப் பெரிய அளவில் விடை கிடைத்தது. அரசு செய்ய வேண்டியதைக் குழுவின் தலையில் கட்டுவதற்கு இந்த முறையின் புகழ் சாக்காகிவிடக் கூடாது.

இதே மாவட்டத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையிலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு, இந்த முறை அரசின் மகளிர் குழுத் திட்டத்துக்கு வெளியே எடுத்த வடிவத்தைக் காட்டுகிறது. 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே ஒரு கூரைக் குடிலில் தொடங்கிய மருத்துவப் பணி, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றியது. நோயைப் பற்றிய பேச்சு நிலத்தையும் வருமானத்தையும் பற்றிய பேச்சாக விரிந்தது. 2004இல் இயற்கை உழவர் சங்கம் உருவாயிற்று. 2006 வாக்கில், இரண்டு தலைமுறையாகக் கைவிடப்பட்டிருந்த லம்பாடிச் சமூகத்தின் தையல் வேலையை, அது இன்னும் நினைவிருந்த இரண்டு மூதாட்டிகளிடமிருந்து இளம்பெண்கள் கற்று, போர்கை என்ற கைவினைஞர் சங்கத்தை அமைத்தார்கள். இங்கே யோசனை புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. மறக்கப்பட்டது தேடி எடுக்கப்பட்டது. யோசனை உத்திகளைப் பற்றிய நூல்கள் எதிர்காலத்தையே பார்க்கின்றன. முதியவரிடம் கேட்பதும் ஓர் உத்தி என்பதை இந்தப் பள்ளத்தாக்கு நிரூபித்திருக்கிறது.

கடைசி ஆட்சேபம் மிகக் கடுமையானது. 1997-98இல் தருமபுரித் திட்டம் ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலம் முழுவதும் விரிந்தபின், 1999இல் மத்திய அரசின் மானியத் திட்டமும் பிறகு நுண்கடன் நிறுவனங்களும் வந்தபின், குழுக்கள் கடன் வாங்கும் குழாய்களாகிவிட்டன, கூட்டம் என்பது தவணை வசூலாகச் சுருங்கிவிட்டது என்கிறார்கள். பல இடங்களில் நடந்தது இதுதான், மறுக்க மாட்டேன். ஆனால் இது என் வாதத்தை உடைப்பதற்குப் பதில் உறுதிப்படுத்துகிறது. வெளியிலிருந்து வரும் பெரிய தொகை குழுவின் சொந்தச் சேமிப்பை மூழ்கடித்தபோது, கேள்வி கேட்கும் உரிமை உறுப்பினர்களிடமிருந்து வசூலிக்க வரும் ஊழியரிடம் போய்விட்டது. பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், நோட்டில் கையெழுத்தும் இருந்தது, யோசனை மட்டும் இல்லை. குழுக்களைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் கடன் வரம்பை உயர்த்துவதற்கு முன், உள்கடன் எவ்வளவு சுழல்கிறது, கடன் கேட்பவரை மற்றவர்கள் கேள்வி கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் முழுமையாக எழுதுவதற்கான மூல ஆவணம் தருமபுரி வீடுகளின் தகரப் பெட்டிகளில் கிடக்கும் பழைய மினிட்ஸ் நோட்டுகள்தாம். முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு மாவட்டத்தின் ஏழைப் பெண்கள் எந்தெந்தச் சிக்கலைப் பேசினார்கள், எந்த வழியைத் தேர்ந்தார்கள், எதைக் கைவிட்டார்கள் என்பது அவற்றில் தேதியோடு இருக்கிறது. கறையானும் மழையும் பழைய பேப்பர் கடையும் அவற்றுக்காகக் காத்திருக்கின்றன. தருமபுரி அரசு கலைக் கல்லூரியும் பைசுஅள்ளியில் உள்ள பெரியார் பல்கலைக்கழக விரிவாக்க மையமும் தங்கள் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி, உறுப்பினர்களின் இசைவோடு இந்த நோட்டுகளைப் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும். 1989இல் சேர்ந்த முதல் குழுக்களின் உறுப்பினர்கள் பலர் இன்னும் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.