இலங்கை ஜனாதிபதித் தெரிவு, 2022

பதவி விலகிய கோட்டாபய ராஜபக்ஷவின் எஞ்சிய காலத்துக்கு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க, 2022 ஜூலை 20 அன்று இலங்கைப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ரணில் விக்கிரமசிங்க வென்றார். பாராளுமன்றம் இப்படி ஒருவரைத் தெரிவுசெய்தது இது இரண்டாம் முறை. 1993 மே 1இல் ரணசிங்க பிரேமதாச கொல்லப்பட்ட பின் டி. பி. விஜேதுங்க தெரிவானார், அப்போது போட்டியிட வேறெவரும் இல்லாததால் வாக்குச்சீட்டு தேவைப்படவில்லை.

இம்முறைக்கு அடிப்படை அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரையும் 1981ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமும் ஆகும். வெற்றிடம் ஏற்பட்டு ஒரு மாதத்துக்குள் தெரிவு முடிய வேண்டும். வேட்பாளர் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். செயலாளர் நாயகமே தெரிவத்தாட்சி அலுவலர். அவர் பெயர் சொல்லி அழைக்க, உறுப்பினர் ஒவ்வொருவராகச் சென்று சீட்டைப் பெற்று, மறைவிடத்தில் 1, 2, 3 என விருப்பு எண்களை இட்டு, மடித்துப் பெட்டியில் போடுவர். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எவரும் பெறாவிட்டால் கடைசியாக வந்தவரை நீக்கி, அவருடைய சீட்டுகளின் அடுத்த விருப்பு எண்ணப்படும். 2022இல் அதற்கு அவசியம் நேரவில்லை.

எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள் ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். மாலைதீவு வழியாகச் சிங்கப்பூர் சென்ற கோட்டாபய அங்கிருந்து விலகல் கடிதம் அனுப்பினார். ஜூலை 16இல் அது சபையில் வாசிக்கப்பட்டது.

எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச போட்டியிலிருந்து விலகி, மற்றொரு வேட்பாளரான டளஸ் அழகப்பெருமவை ஆதரித்தார்; தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவ்வாறே அறிவித்தது. 225 உறுப்பினர்களில் 223 பேர் வாக்களித்தனர். கஜேந்திரகுமார் பொன்னம்பலம், செல்வராசா கஜேந்திரன் இருவரும் விலகி நின்றனர். மருத்துவமனையிலிருந்த ஓர் உறுப்பினர் கையில் சேலைன் ஊசியுடன் வந்து வாக்களித்தார். ரணிலுக்கு 134, டளஸுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. நான்கு வாக்குகள் நிராகரிக்கப்பட்டன.

1999இலும் 2005இலும் மக்கள் வாக்கில் தோற்ற ரணில், 2020 பொதுத்தேர்தலிலும் தோற்று, ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்த ஒரே தேசியப் பட்டியல் ஆசனத்தில் சபைக்கு வந்தவர். அவரைக் கரையேற்றியது ராஜபக்ஷக்களின் கட்சியான பொதுஜன பெரமுனவின் வாக்குகளே. தெரிவு சட்டப்படி நடந்தது. வீதியில் நின்ற மக்களின் ஆணை அதில் இல்லை. ஜூலை 22 விடியுமுன், அம்மக்கள் காலிமுகத்திடலில் அமைத்திருந்த போராட்டக்களம் படையினரால் அகற்றப்பட்டது.

2024 செப்டம்பரில் நடந்த மக்கள் தேர்தலில், பாராளுமன்றத்தில் மூன்று வாக்குப் பெற்ற அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார்.