இந்தோனேசியாவின் எரிமலைகள்

இந்தோனேசியா உலகில் உயிர்ப்புள்ள எரிமலைகளை மிகுதியாகக் கொண்ட நாடுகளுள் ஒன்றாகும். அந்நாட்டு அரசின் கணக்கின்படி அங்கு 127 உயிர்ப்புள்ள எரிமலைகள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை சுமாத்திரா, ஜாவா, பாலி, லொம்போக், சும்பாவா, புளோரெஸ் ஆகிய தீவுகளின் வழியே செல்லும் சுண்டா வளைவில் அமைந்துள்ளன. சுலாவெசியின் வட பகுதியிலும் மலுக்குத் தீவுகளிலும் வேறு எரிமலை வளைவுகள் உண்டு. போர்னியோத் தீவின் இந்தோனேசியப் பகுதியில் உயிர்ப்புள்ள எரிமலை எதுவும் இல்லை. சுண்டா வளைவின் வடமேற்குத் தொடர்ச்சியிலேயே, அந்தமான் கடலிலுள்ள இந்தியாவின் பாரன் தீவு எரிமலையும் அமைந்துள்ளது.

தோற்றம்

இந்திய-ஆத்திரேலிய நிலத்தட்டு யுரேசியத் தட்டின் அடியில் அமிழ்கின்றது. அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால் கற்குழம்பு உருவாகின்றது. இக்குழம்பு பாகுத்தன்மை மிக்கது. வளிமங்கள் எளிதில் வெளியேற இயலாமல் அதனுள் அடைபடுகின்றன. ஆகவே இங்குள்ள எரிமலைகள் அவாயித் தீவுகளில் உள்ளவற்றைப் போல் அமைதியாக வழியாமல் பெரும்பாலும் வெடிக்கின்றன. வழிந்தோடும் குழம்பினால் இங்கு இறந்தோர் மிகச் சிலரே. சுடுவளிமமும் சாம்பலும் கலந்து சரிவில் பாயும் சுடுமுகில், சேற்றுப் பெருக்கு, ஆழிப்பேரலை, பஞ்சம் ஆகியவையே பேரழிவுகளுக்குக் காரணமாயின.

பெரும் வெடிப்புகள்

சும்பாவாவிலுள்ள தம்போரா 1815 ஏப்ரலில் வெடித்தது. சுமார் 4,300 மீட்டர் உயரமிருந்ததாகக் கணிக்கப்படும் அம்மலை, வெடிப்பின் பின் ஏறத்தாழ 2,850 மீட்டராகக் குறைந்தது. வெடிப்பிலும் தொடர்ந்த பஞ்சத்திலும் பல பத்தாயிரம் பேர் மாண்டனர். 1816 ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடைகாலம் இல்லாத ஆண்டாக அறியப்படுகின்றது.

1883 ஆகத்து 27 இல் நிகழ்ந்த கிரக்கத்தோவா வெடிப்பில் 36,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலானோரைக் கொன்றது ஆழிப்பேரலையே. அதே இடத்தில் 1927 இல் கடலுக்கு மேல் தலைகாட்டிய அனாக் கிரக்கத்தோவாவின் ஒரு பகுதி, 2018 திசம்பர் 22 இல் கடலுள் சரிந்தது. நிலநடுக்கம் ஏதுமின்றி எழுந்த அலை 400 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

கெலுட்

கிழக்கு ஜாவாவின் கெலுட் எரிமலை தனியே குறிப்பிடத்தக்கது. இதன் வாயில் ஓர் ஏரி இருந்தது. 1919 மே மாத வெடிப்பு ஏரி நீரை வெளியே வீசியது. அது சேற்றுப் பெருக்காகி ஊர்களை மூடியதில் 5,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலை வெடிப்பதைத் தடுக்க இயலாது. ஆனால் ஏரியை வடிக்க இயலும் எனக் கண்ட ஒல்லாந்தர் ஆட்சி மலையைக் குடைந்து சுரங்கக் கால்வாய்களை அமைத்தது. 1951 வெடிப்பில் உயிரிழப்பு மிகக் குறைவு. ஆயினும் அவ்வெடிப்பு ஏரியின் அடித்தளத்தை ஆழமாக்கியதால், பழைய சுரங்கங்களின் மட்டத்திற்குக் கீழே மீண்டும் நீர் தேங்கியது. இதன் விளைவாக 1966 இல் 200 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் தாழ்வான மட்டத்தில் புதிய சுரங்கம் வெட்டப்பட்டது. 1990 வெடிப்பில் இறந்த ஏறத்தாழ 30 பேரில் பெரும்பாலானோர் சாம்பல் பாரத்தால் கூரை சரிந்து இறந்தவர்கள்.

கண்காணிப்பு

கெலுட் அழிவையடுத்து 1920 இல் எரிமலை ஆய்வுக்கான தனித் துறை தொடங்கப்பட்டது. பின்னாளில் இப்பணி பண்டுங் நகரிலுள்ள எரிமலையியல் மையத்திடம் வந்தது. எச்சரிக்கைகள் நான்கு நிலைகளில் விடுக்கப்படுகின்றன. நான்காம் நிலை 'அவாஸ்' எனப்படும்.

யோக்யகர்த்தாவுக்கு வடக்கேயுள்ள மெராப்பிக்கு 2010 அக்டோபர் 25 அன்று இந்நிலை அறிவிக்கப்பட்டது. மறுநாளே சுடுமுகில் பாய்ந்தது. சுல்தானால் அமர்த்தப்பட்ட மலைக் காவலர் மாரிஜான், 2006 வெடிப்பின்போது வெளியேற மறுத்தும் உயிர் பிழைத்தவர். இம்முறையும் மறுத்தார், இறந்தார். நவம்பர் 5 இல் இன்னும் பெரிய வெடிப்பு நிகழ்ந்தது. விலக்கு வலயம் 20 கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. மொத்தம் 350 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெளியேற்றப்பட்டோர் சில இலட்சம் பேர்.

எனினும் எல்லா வெடிப்புகளும் முன்னறிவிப்புத் தருவதில்லை. மேற்குச் சுமாத்திராவின் மராப்பி (மெராப்பி அன்று) இரண்டாம் நிலை எச்சரிக்கையில் இருந்தபோது 2023 திசம்பர் 3 இல் திடீரென வெடித்ததில், மலையேறியோர் 24 பேர் உயிரிழந்தனர்.