கைரா நோய்

கைரா நோய் என்பது துத்தநாகப் பற்றாக்குறையால் நெற்பயிரில் தோன்றும் ஊட்டக் குறைபாடு. பூஞ்சணம், பாக்டீரியம், வைரஸ் ஆகியவற்றால் வருவதன்று. பயிருக்குப் பயிர் தொற்றாது.

வரலாறு

துத்தநாகத்தின் தேவை முதலில் நெல்லில் அறியப்படவில்லை. பிரெஞ்சு வேதியியலார் ஜூல் ரோலன் 1869-இல் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூசணத்தின் வளர்ச்சிக்கு அது வேண்டும் எனக் கண்டார். மக்காச்சோளத்துக்கும் அது தேவை என 1914-இல் மசே காட்டினார். சோமர், லிப்மன் இருவரும் 1926-இல் வெளியிட்ட ஆய்வு, உயர்தாவரங்களுக்கு இது இன்றியமையாதது என்பதை உறுதிசெய்தது.

இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் 1960-இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அப்பகுதி வயல்களில் நெல் துருநிறமாகிக் குன்றுவதை அங்கிருந்த பயிர்நோயியலார் ஒய். எல். நேனே ஆராய்ந்தார். துத்தநாக சல்பேட் தெளித்தால் பயிர் தேறுவதைக் கொண்டு, இது துத்தநாகக் குறைபாடே என்று 1966-இல் வெளியிட்டார். பாகிஸ்தானில் ‘ஹத்தா’ என்றும், பிலிப்பைன்ஸில் ‘தயா-தயா’ என்றும், ஜப்பானில் ‘அககாரே’ இரண்டாம் வகை என்றும் வழங்கியவையும் இதே குறைபாடுதான்.

அறிகுறிகள்

நடவு செய்த இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடியிலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, ஒன்றுகூடித் துருநிறப் பட்டைகளாகும். இளம் இலைகளின் நடுநரம்பு அடிப்பகுதியில் வெளிறும். தூர்கள் குறையும்; பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாகும். தழைச்சத்துக் குறையில் அடியிலைகள் புள்ளியின்றிச் சீராக மஞ்சளாகும்; இரும்புக் குறையில் குருத்திலைகளே முதலில் வெளிறும். இவ்வேறுபாடுகளே இனங்காண உதவும்.

காரணம்

மண்ணில் துத்தநாகம் இருந்தும் பயிருக்குக் கிட்டாமற்போவதுண்டு. சுண்ணாம்பு மிகுந்த மண், களர் நிலம், நீர் வடியாத வயல், அளவுக்கு மிஞ்சிய மணிச்சத்து ஆகியன அதை வேர் எடுக்க முடியாதபடி ஆக்குகின்றன. மண்ணாய்வில் டி.டி.பி.ஏ. கரைசலால் பிரித்தெடுக்கும் துத்தநாகத்தின் அளவைக் கொண்டு பற்றாக்குறை கணிக்கப்படுகிறது.

திருத்தம்

தமிழ்நாட்டில் நடவுக்கு முன் எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை 50 கிலோ உலர்மணலுடன் கலந்து சீராகத் தூவுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. மணிச்சத்து உரத்துடன் இதைக் கலக்கலாகாது. நின்ற பயிருக்கு 0.5 விழுக்காடு துத்தநாக சல்பேட்டும் 1 விழுக்காடு யூரியாவும் சேர்ந்த கரைசலைத் தெளிக்கலாம். நாற்றின் வேரை 2 விழுக்காடு துத்தநாக ஆக்சைடு குழம்பில் நனைத்து நடுவதும் உண்டு. வயலில் தேங்கிய நீரைச் சிலநாள் வடிப்பது துணைசெய்யும்.

இன்று துத்தநாகம் சேர்த்த யூரியாவும் கடைகளில் கிடைக்கிறது.