சர்ப்பகந்தா வேரும் கரடியூர் வாசலும்

இரத்தக் கொதிப்பு என்று மக்கள் வழங்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கான மருந்து வரலாற்றில் இந்தியாவின் பங்கு சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரில் தொடங்குகிறது. அவ்வேர் அழுத்தத்தைத் தணிப்பதைக் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இல் எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளிடம் கண்ட பலனை 1949-இல் பிரித்தானிய இதழொன்றில் வெளியிட்டபின் உலகம் அதைக் கவனித்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. அளவு மிகுந்தால் மனச்சோர்வு தரும் என்ற அச்சத்தால் அதன் மதிப்பு பின்னர் சரிந்தது. ஆயினும் ரெசர்பின், ஹைட்ராலசின், சிறுநீரைப் பெருக்கும் தயசைடு ஆகிய மூன்றும் சேர்ந்து பக்கவாதம் முதலிய கேடுகளைக் குறைத்ததை எட்வர்ட் ஃபிரைஸ் தலைமையிலான அமெரிக்க ஆய்வு 1967-இல் காட்டியது.

சென்னையின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வழியாகச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி கிராமங்களுக்குக் கொண்டுசென்றதும் பெரும்பாலும் இந்த மலிவான பழைய மருந்துகளையே. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று அழுத்தம் பார்த்தனர். புதிய மருந்தே நல்ல மருந்து என்ற நகரத்து நம்பிக்கைக்கு இது தக்க மறுப்பு.

அரசின் பக்கம், 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் முறையை நிறுவியது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை நோயாளியின் வாசலுக்கே அனுப்பியது. அதுவரை புறநோயாளி, அதாவது மருத்துவமனையில் தங்காமல் மருந்து பெற்றுச் செல்பவர், ஒரு நாள் கூலியை இழந்தே ஓ.பி. வரிசையில் நின்றார்.

சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர்களிலும், காப்பித் தோட்டங்களை ஒட்டிய கரடியூர் போன்ற இடங்களிலும் மருந்தைத் தேர்வதில் பாதையும் ஒரு காரணியாகிறது. ஏற்றத்தில் நடந்து வந்தவரை ஐந்து நிமிடமாவது உட்காரவைக்காமல் பார்த்த அளவை நம்பி வாழ்நாள் மருந்து எழுதுவது பிழை. நாளுக்கு ஒரு முறை உண்ணும் அம்லோடிபினுக்கு வழக்கமான இரத்தச் சோதனை வேண்டியதில்லை. எனலாபிரில், டெல்மிசார்டன் வகைகளுக்கோ சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் அவ்வப்போது அளக்க வேண்டும். வெயிலில் வேர்த்து உழைப்பவருக்குத் தயசைடு தரும்போது உப்புச்சத்துக் குறைவையும் கவனிக்க வேண்டும். மாத்திரை இன்று வாசலுக்கு வருகிறது. சோதனைக்கு ஆய்வகம் உள்ள ஊருக்குத்தான் போக வேண்டும்.