அனைவருக்குமான புவி அறிவியல் கல்வி

மாற்றுத்திறனாளி மாணவர்களும் மற்றவர்களும் ஒரே வகுப்பிலும் ஒரே களத்திலும் சேர்ந்து பாறை, கனிமம், புதைபடிவம், நிலநடுக்கம் ஆகியவற்றைப் பயிலும்படி பாடத்தைத் தொடக்கத்திலேயே திட்டமிடும் கற்பித்தல் முறை. பாடத்தை முடிவுசெய்த பிறகு ஒருவருக்காக மட்டும் திருத்தித் தருவது இதிலிருந்து வேறுபட்டது.

மலையேறும் உடல்வலு உள்ளவர்களுக்கே புவி அறிவியல் துறை உரியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. துறையின் வரலாறு அதற்கு எதிராக நிற்கிறது. 1862இல் ஷைலோ போரில் வலக்கையை இழந்த ஜான் வெஸ்லி பவல், 1869இல் கொலராடோ ஆற்றில் படகுப் பயணக் குழுவை நடத்தி கிராண்ட் கேன்யனைக் கடந்தார். பின்னர் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். நெதர்லாந்தில் 1946இல் பிறந்த கீரட் வெர்மெய் மூன்று வயதில் பார்வையை இழந்தவர். நத்தை, சிப்பி ஓடுகளை விரலால் தடவியே ஆராய்ந்த அவர், நண்டுகள் உடைத்தபின் மீண்டும் வளர்ந்த ஓடுகளின் தழும்புகளைக் கொண்டு, வேட்டை விலங்குகளின் தாக்குதல் இரை உயிர்களின் பரிணாமத்தை வடிவமைத்த விதத்தை விளக்கினார்.

கனிமங்களை அடையாளம் காணப் பார்வை ஒரு வழி மட்டுமே. ஜிப்சத்தில் நகம் கீறும், கால்சைட்டில் கீறாது. குவார்ட்சின் அடர்த்தி எண் 2.65, கலீனாவினுடையது சுமார் 7.5, ஒரே அளவுள்ள துண்டுகளைக் கையில் ஏந்தினாலே வேறுபாடு தெரிந்துவிடும். சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நுரைத்துச் சீறும் ஒலி கேட்கும். நிறமோ பல கனிமங்களில் ஏமாற்றிவிடும். ஆகவே தொடுசோதனைகள் பார்வையுள்ள மாணவருக்கும் அதே அளவு பயன்தருவன. நிலநடுக்க அலைகளில் பெரும்பகுதி 20 ஹெர்ட்சுக்குக் கீழே, செவிக்கு எட்டாத அதிர்வெண்ணில் இருக்கும். பதிவை வேகப்படுத்தினால் காதால் கேட்கலாம். மேசையை அதிரச் செய்தால் கேளா மாணவர் கையால் உணரலாம். சம உயரக் கோட்டு வரைபடத்தை, கோட்டுக்கு ஓர் அட்டை என வெட்டி அடுக்கினால் மலையின் வடிவம் விரலுக்குப் புரியும்.

களப்பயணமே கடினமான பகுதி. சக்கர நாற்காலியில் வரும் மாணவரைப் பேருந்திலேயே விட்டுவிட்டுப் படங்களைக் காட்டுவது ஒருபோதும் ஈடாகாது. 2008இல் தோன்றிய பன்னாட்டுப் புவி அறிவியல் பன்மைச் சங்கம் இதற்கு மாற்று வழிகளை முன்வைத்து வருகிறது. 2014இல் கனடாவின் வான்கூவரிலிருந்து, மாற்றுத்திறனாளிகளும் பங்கேற்கும்படி திட்டமிட்ட களப்பயணம் ஒன்று நடந்தது. சாலைக்காக வெட்டிய பாறைச் சரிவுகள் இத்தகைய பயணங்களுக்கு ஏற்றவை. சிதைவுறாத புதிய பாறைமுகம் அங்கேதான் பெரும்பாலும் கிடைக்கும். பாதை, கழிப்பறை, ஓய்விடம் பற்றிய விவரங்களையும், சைகைமொழிபெயர்ப்பாளருக்கான கலைச்சொற்களையும் முன்கூட்டியே தந்துவிட வேண்டும். மதிப்பெண் வழங்குவது பாறையைக் கவனித்து விளக்கும் திறனுக்கே. எத்தனை அடி ஏறினார் என்பதற்கு அன்று.