அறுபது கம்பிச் சக்கரம்

ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இன்றைய கார்களுக்கான அலாய் வீல்கள் பளபளவென்று அடுக்கியிருக்கும். பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காருக்குச் சக்கரம் தேடுபவருக்கு அந்த அடுக்கு உதவாது. 1962-இல் வந்த எம்.ஜி.பி.க்கு 60 கம்பி கோத்த 14 அங்குலச் சக்கரம் வேண்டும். 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்புக்கு 72 கம்பி, 15 அங்குலம். இப்படிப்பட்ட கம்பிச் சக்கரங்கள் சென்னையின் வடமேற்கே பாடியில் உருவாகி, இங்கிலாந்துக்கே கப்பலேறியவை.

இவற்றின் பிறந்த வீடு இங்கிலாந்தின் கோவென்ட்ரி. பஞ்சரானால் சக்கரத்தை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, சாலையோரம் உட்கார்ந்து டயரைப் பிரித்த காலத்தில், ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனத்தின் ஜான் பியூ கழற்றி மாட்டும் சக்கரத்தை 1908 வாக்கில் கொண்டுவந்தார். நடுவில் ஒரே நட்டு. சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் கழன்றுவிடும். ஓட ஓட இறுகவேண்டும் என்பதற்காக இடப்பக்க நட்டுக்கும் வலப்பக்க நட்டுக்கும் எதிரெதிர் மரை.

பின்னாளில் டன்லப் இவற்றைப் பெருவாரியாகச் செய்தது. அந்த டன்லப்பின் கூட்டுறவோடு டி.வி.எஸ். குழுமம் 1960-இல் தொடங்கியதுதான் பாடி வீல்ஸ் இந்தியா. லாரிக்கும் டிராக்டருக்கும் எஃகுச் சக்கரம் அடிப்பதே அங்கே பெரிய தொழில்; கம்பிச் சக்கரம் சின்னக் கிளை.

கம்பிச் சக்கரத்தின் ரிம்மை உருட்டுவது இயந்திரம். துளை ஒவ்வொன்றும் கம்பி போகும் கோணத்துக்கே சாய்ந்திருக்க வேண்டும். உயிர் இருப்பது சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் வெட்டும் ஸ்ப்ளைன் பற்களில். வேகமெடுத்தாலும் பிரேக் பிடித்தாலும் முழு விசையும் அந்தப் பற்கள் வழியாகத்தான் போகிறது. பல் தளர்ந்தால் கடக் கடக் என்று சத்தம் வரும். அப்படியே ஓட்டினால் காரின் ஹப்பும் தேயும். பார்வைக்கு அச்சு அசலாக இருந்து, பல் சரியாக உட்காராத நகலை நான் சக்கரம் என்றே சொல்லமாட்டேன்.

அதன்பிறகு கைவேலை. கம்பிகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கோத்து, நிப்பிளை முடுக்கி, சுழலவிட்டுக் கோட்டம் எடுக்கவேண்டும். சைக்கிள் கடை அண்ணன் போக்ஸ் கம்பியை முடுக்கும் அதே வித்தைதான். ஆனால் இங்கே ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள கார், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் பாரத்தையும் அந்தக் கம்பிகள் தாங்கவேண்டும். ஒன்றை இறுக்கினால் இன்னொரு இடத்தில் ரிம் நகரும், அவசரப்பட முடியாது.

இந்த மெதுவான வேலைதான் சிறு எண்ணிக்கைக்கு வழிவிடுகிறது. எஃகுச் சக்கரத்துக்குச் செய்யும் டையின் செலவு, ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் ஈடாகும். கம்பிச் சக்கரத்திலோ கம்பியின் நீளம், குடம், துளைக் கோணம் மாறினால் வேறொரு காருக்கு ஆகிவிடும்.

மேற்பூச்சு குரோம் அல்லது வெள்ளி நிறம். கம்பித் துளைகளில் காற்று கசியுமென்பதால் பொதுவாக டியூபோடுதான் டயர் ஏற்றவேண்டும்; நிப்பிள் முனை டியூபைக் கிழிக்காதபடி ரிம்முக்குள் ரப்பர் பட்டை. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கம்பிகளை ஸ்பானரால் தட்டிப் பார்ப்பது நல்லது. மந்தமாக ஒலிப்பது எதுவோ, அது தளர்ந்திருக்கிறது.