பழைய லாரிகளின் வைப்பர்: கைப்பிடியிலிருந்து மின்மோட்டார் வரை

மோட்டார் வண்டியின் முகப்புக் கண்ணாடியில் விழும் மழைநீரையும் தூசியையும் துடைக்கும் கருவி வைப்பர் ஆகும். தமிழில் இது துடைப்பான் என்றும் சொல்லப்படுகிறது. கையால் ஆட்டும் கருவியாகத் தோன்றிய வைப்பர், பின்னர் எஞ்சினின் உறிஞ்சு விசையாலும் அதன்பின் மின்சாரத்தாலும் இயங்கியது. பழைய லாரி ஒன்றின் வைப்பரைப் பழுது பார்ப்பதா, மாற்றி அமைப்பதா என்பதை முடிவு செய்ய இந்த வரலாறு உதவும்.

தோற்றம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் 1903 நவம்பர் 10 அன்று வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். நியூயார்க்கில் பனிமழை பெய்த ஒரு நாளில், டிராம் ஓட்டுநர் வழி தெரியாமல் முன் சன்னலைத் திறந்து வைத்து ஓட்டியதைக் கண்டதே அவரது எண்ணத்துக்குக் காரணம். உள்ளிருக்கும் கைப்பிடியைத் திருப்பினால், வெளியே ரப்பர் பட்டை பொருத்திய கை கண்ணாடியைத் துடைக்கும். கனடா நிறுவனம் ஒன்று இதற்கு வணிக மதிப்பு இல்லை என்று மறுத்துவிட்டது. காப்புரிமைக் காலம் முடியும் வரை அவருக்கு இதனால் வருமானம் கிடைக்கவில்லை.

உறிஞ்சு விசை வைப்பர்

பெட்ரோல் எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது உட்குழாயில் அழுத்தம் குறைகிறது. அங்கிருந்து ஒரு சிறு குழாயை எடுத்து வைப்பரை இயக்கும் முறை 1920களில் பரவியது. இதற்குத் தனி மோட்டாரோ மின்சாரமோ தேவையில்லை. ஆனால் ஆக்சிலேட்டரை அழுத்தினால் உறிஞ்சு விசை குறைந்துவிடும். சுமை ஏற்றிய லாரி மேட்டில் ஏறும்போது வைப்பர் தளர்ந்து, சில வேளை நின்றும்விடும். ஓட்டுநருக்குப் பார்வை மிகவும் தேவைப்படும் நேரத்தில் கருவி ஓய்ந்துவிடுவதே இதன் பெருங்குறை.

டீசல் லாரியின் வருகை

டீசல் எஞ்சினில் பொதுவாகக் காற்றை அடக்கும் தடுப்பு இல்லை. ஆகவே வைப்பரை ஓட்டும் அளவுக்கு உறிஞ்சு விசை கிடைப்பதில்லை. டீசல் லாரிக்கு மின்மோட்டார் வைப்பரே ஏற்றதாக இருந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1926இலேயே மின் வைப்பரை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது.

இந்தியச் சாலைகளில் இந்த மாற்றம் 1950களில் விரைவடைந்தது. சென்னையில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் இணைந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் 1954இல் மெர்சிடஸ் பென்ஸ் கூட்டுறவுடன் லாரி தயாரிக்கத் தொடங்கியது. வண்டிகளுக்கான மின்கருவிகளைச் செய்ய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் 1961இல் சென்னையில் அமைந்தது. பாடியில் அதன் தொழிற்சாலை உள்ளது.

அக்காலத்தில் லாரி பெரும்பாலும் எஞ்சினும் சேசிஸுமாகவே விற்கப்பட்டது. ஓட்டுநர் அறையையும் சரக்குப் பகுதியையும் பாடி கட்டும் பட்டறைகள் மரத்தாலும் தகட்டாலும் செய்தன. அதனால் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை லாரிகளிலும் கண்ணாடியின் அளவும் வைப்பர் பொருத்திய இடமும் வேறுபட்டன.

உத்திரமேரூர் வட்டாரத்தில் வைப்பரின் தேவை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர், குடவோலைக் கல்வெட்டுக்கும் பெரிய ஏரிக்கும் பெயர் பெற்றது. நெல் விளையும் இவ்வட்டாரத்தில் கல்குவாரிகளும் உண்டு. நெல் மூட்டையும் சல்லியும் ஏற்றிய லாரிகள் செல்லும் சாலைகள் இவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் இங்கு வைப்பருக்குச் சோதனைக் காலம். ஆண்டின் மற்ற மாதங்களில் கடும் வெயில் ரப்பரை இறுக்கி வெடிக்கச் செய்கிறது. முதல் மழையன்று கல்தூசியும் தண்ணீரும் கலந்த கண்ணாடியின் மேல் இறுகிய ரப்பர் ஓடினால் வளைகோடுகளாகக் கீறல் விழும். இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கொளி அந்தக் கீறல்களில் சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும்.

வைப்பர் நின்றுவிட்டால் புகையிலையைக் கண்ணாடியில் தேய்ப்பது பழைய ஓட்டுநர்களின் கைமுறை. அதன் சாறு பட்ட இடத்தில் நீர் துளியாக நிற்காமல் மெல்லிய படலமாக வழிந்துவிடும். பட்டறைக்குப் போய்ச் சேரும் வரை மட்டுமே இது உதவும்.

பழுதும் சீரமைப்பும்

பழைய வைப்பர் ஓடவில்லை என்றால் மோட்டார் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு செய்யக் கூடாது. ஃப்யூஸ், சுவிட்ச், எர்த் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். மரச் சட்டத்தில் பொருத்திய மோட்டாருக்குச் சேசிஸுடன் நேரடித் தொடர்பு இல்லை. அதன் எர்த் ஒயர் துருப்பிடித்தாலே மோட்டார் நின்றுவிடும். அடுத்துக் கார்பன் பிரஷ் தேய்வு, பல்சக்கரப் பெட்டியில் உறைந்த கிரீஸ், இணைப்புக் கம்பியின் புஷ் தேய்வு ஆகியவற்றைச் சோதிக்கலாம். மோட்டார் ஓடியும் வைப்பர் கை ஆடாவிட்டால், கையைப் பிடித்திருக்கும் தண்டின் பல்வரிகள் தேய்ந்திருக்கக்கூடும்.

புது மோட்டார் பொருத்துவதானால் பேட்டரியின் வோல்ட் அளவைக் கவனிக்க வேண்டும். பழைய வண்டிகளில் 6, 12, 24 வோல்ட் என வெவ்வேறு அமைப்புகள் உண்டு. 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் மோட்டாரை நேரடியாக இணைத்தால் கருகிவிடும். நடுவில் கம்பம் வைத்த இரட்டைக் கண்ணாடியில் நீளமான பிளேடு கம்பத்தில் இடிக்கும். எனவே பிளேடின் நீளமும் கை ஆடும் கோணமும் பொருந்த வேண்டும்.

இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101ஆம் விதி, விசையால் இயங்கும் திறன்மிக்க வைப்பரைக் கட்டாயமாக்குகிறது. ஆகவே கைப்பிடி வைப்பரைப் பழைமைச் சின்னமாக வைத்துக்கொண்டாலும், சாலையில் ஓடும் லாரிக்கு அது போதாது. மின் வைப்பர் உள்ள லாரியில் பல நேரங்களில் ஒரு எர்த் ஒயரும் புது ரப்பரும் போதும். மோட்டாரையே மாற்ற வேண்டியதில்லை. எதுவானாலும் இந்த வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் ஐப்பசி மழையில் ஓட்டுநர் சாலையைத் தெளிவாகக் காண முடியும்.